பீரங்கி போனால் எல்லாம் போச்சு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக வில்லை தேய்க்கிற ஒரு மனிதருக்கு ‘நடுவர்’ என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், கடைக்கு மேல் மாடியில் சனிக்கிழமை தோறும் நடக்கிற யுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். யுத்தம் என்றதும் பயந்துவிட வேண்டாம். இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்டு, பச்சைத் துணி விரித்து, அட்டையில் மலையும் பாலமும் செய்து வைத்து, உள்ளங்கை நீள பிளாஸ்டிக் டாங்கிகளை நகர்த்தி, பகடை உருட்டி, நடுத்தர வயது ஆண்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் அழிக்கிற யுத்தம். ஆறு மணிக்குச் செத்தவர்கள் எல்லோரும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குச் சட்டம் எழுதியவர் இவர். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவரும் இவர். போகப்போகக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூட ‘நடுவர் இருக்காரா’ என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு மூன்று தளம். கீழே கடை, நடுவில் விளையாட்டறை, மேலே வீடு. மூன்றும் மச்சானுக்குச் சொந்தம். மச்சான் என்றால் நடுவருடைய மனைவியின் அண்ணன். மேல் தளத்தில் முன்பக்கம் மச்சானின் குடும்பம். பின்பக்கத்து ஒற்றை அறையில் நடுவரும் மனைவியும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு சமையலறை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அலைந்து திரிந்து அவளுக்குக் கல்லூரியில் இடம் வாங்கிக்கொடுத்ததும் மச்சான்தான்.

மழை கொட்டுகிற நாளில் ஊரே நனைந்துகொண்டு வேலைக்கு ஓடும்போது நடுவர் இரண்டு மாடி இறங்கினால் போதும். கொடுத்துவைத்தவர் என்பார்கள். அவரும் ஆமாம் என்பார். தெருவில் கால் வைக்காமலே ஒரு வாரம் முழுக்கப் போயிருக்கிறது என்று ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அதற்கப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

மச்சான் கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. ஒருநாள் வாய்த்தகராறு, பெட்டியைத் தூக்கு, கிளம்பு என்று கதை முடிந்திருக்கும். மச்சானோ தங்கமான மனிதர். நடுவர் முன்பு கேமரா பழுதுபார்க்கும் கடையில் இருந்தார். அதை இழுத்து மூடியபோது, வேறு இடம் கிடைக்கிற வரைக்கும் நம் கடையில் இருங்கள் மாப்பிள்ளை என்று கூட்டிவந்தவர் மச்சான். ‘வேறு இடம் கிடைக்கிற வரைக்கும்’ என்ற அந்த வார்த்தைக்குத்தான் இப்போது பத்தொன்பது வயது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் குரலை உயர்த்தியதில்லை, வாங்க போங்க என்ற மரியாதை குறைந்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன் நடுவர் எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ஒரு விஷயம் பேச வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மச்சான், தெரியும் மாப்பிள்ளை, அந்த ஓட்டை மெஷினோடு நீங்கள் படுகிற பாட்டை நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார். மறுவாரமே வில்லை தேய்க்கப் புது மெஷின் வந்து இறங்கியது. புது மெஷினைத் துடைத்துக்கொண்டே ‘நான் கிளம்புகிறேன்’ என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் இந்தத் தடவை விஷயம் வெறும் ஆசையாக இல்லை. ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில் ஒரு கண் டாக்டரம்மா இருந்தார். சிக்கலான வில்லைகளை எட்டு வருடமாக நடுவரிடம்தான் அனுப்புவார். நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போன் பேச்சுதான். வில்லையில் மையால் வைக்கிற நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்கு மண்டை இடிக்கும். இவர் வைத்த புள்ளி நகர்ந்ததாகப் புகார் வந்ததே இல்லை. அந்த அம்மா இப்போது தன் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பட்டறை வைக்கிறார். முழுப்பொறுப்பும் நடுவருக்கு. பின்னால் குடியிருக்க இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு சின்ன வீடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கிற இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று தன்மையாகத்தான் சொன்னார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தச் சமையலறை நமக்கு மட்டுமா? ஆமாம் என்றார். அவளே அண்ணனிடம் பேசியிருக்கலாம். பேசினால் அது தங்கை கோபித்துக்கொண்டு போகிறாள் என்று ஆகிவிடும், அண்ணிக்கும் தனக்கும் ஏதோ என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். வேலை உங்களுடையது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டாள். ஐந்து நாள் போனது. நடுவர் சொல்லவில்லை. திங்களன்று மச்சானுக்குச் சளி. புதன்கிழமை கடையில் கூட்டம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை, சும்மாவே சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வாசலை மறித்தாற்போல் நின்றாள்.

“இன்னிக்குச் சொல்லிடுவீங்கல்ல?”

“சொல்லிடறேன்,” என்றார்.

சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. மச்சானிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு நேரம் உண்டு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மச்சான் ஆட்டத்தில் ஜெயித்து ஐந்து நிமிடத்துக்குள் கேட்டால் தலையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார். அன்று வருடத்தின் கடைசி ஆட்டம். ஜெயிப்பவருக்குக் கோப்பை. ஆறு வருடமாக அந்தக் கோப்பை, ஆட்டக்காரர்களில் ஒருவரான பல் டாக்டர் வீட்டு அலமாரியை விட்டு நகரவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம், அது இல்லாமல் மற்றது புரியாது. டாங்கி என்றால் ஒரு பீரங்கி என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்குத் துணையாக இரண்டு சின்னத் துப்பாக்கிகளும் உண்டு. ஒன்று பீரங்கிக்குப் பக்கத்திலேயே, ஒட்டிப் பிறந்ததுபோல, அது திரும்பினால் திரும்பும், அது நிமிர்ந்தால் நிமிரும். இன்னொன்று கூரைமேல் இருக்கும். மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டுகிற ஆள் அதைக் கையால் பிடித்துச் சுட வேண்டும். எதிரி டாங்கியை அடிக்கப் பீரங்கி. நடந்து வருகிற சிப்பாய்களை விரட்டச் சின்னத் துப்பாக்கிகள். சரி, எதிரியின் குண்டு பீரங்கியில் பட்டு அது வீணாகிவிட்டால், துணைத் துப்பாக்கிகளின் கதி என்ன? பன்னிரண்டு வருடத்துக்கு முன் நீல அட்டை போட்ட நோட்டில் நடுவர் அதற்கு எழுதிவைத்த பதில்: பீரங்கி போனால் எல்லாம் போச்சு. அதற்குப் பிறகு அந்த டாங்கி ஊமை.

இதை வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆடினார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று ஐந்து மணி சுமாருக்கு ஆட்டம் ஒரு பாலத்தில் வந்து நின்றது, பாலத்தைப் பிடிப்பவருக்கு வெற்றி. பல் டாக்டரிடம் மிச்சமிருந்தது ஒரே டாங்கி. அது சக்கரச் சங்கிலி அறுந்து, பாலத்தின் நடுவில் நகர முடியாமல் கிடந்தது. மச்சானிடம் டாங்கி ஒன்று, நாணலுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் சிப்பாய்க் கூட்டம் மூன்று. மச்சான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி பகடையை உருட்டினார். குண்டு பட்டது. எங்கே பட்டது என்று பார்க்க மறுபடி உருட்டினார். பீரங்கி சேதம். இனி நாணலில் இருந்து சிப்பாய்கள் எழுந்து வேடிக்கை பார்த்தபடியே நடந்து வந்து பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். மச்சானின் கை சிப்பாய்களைத் தூக்கப் போனது.

ஒரு நிமிடம் என்றார் பல் டாக்டர். பையில் இருந்து பெரிய படம் ஒன்றை எடுத்துத் துணியின்மேல் விரித்தார். அதே ரக டாங்கி, மேலிருந்து எடுத்தது, ஆணி ஆணியாகத் தெரிந்தது. பீரங்கிக்குப் பக்கத்தில் இருப்பது போகட்டும், அதை நான் கேட்கவில்லை என்றார். கூரைமேல் இருப்பதற்கு வேறு தண்டு, வேறு பிடி. மூடியை ஒட்டி அது பாட்டுக்குத் தனியாக நிற்கிறது. பீரங்கி உடைந்தால் இதற்கு என்ன வந்தது? என் ஆள் தலையை நீட்டிச் சுடுவான். நீட்டினால் அவன் சாகலாம், அது அவன் தலையெழுத்து. ஆனால் சுட முடியாது என்று எப்படிச் சொல்லலாம்?

“என் பஸ்ல இன்ஜின் நின்னாலும் ஹாரன் அடிக்குதே,” என்றார் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர். மச்சானைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

நடுவர் படத்தின்மேல் குனிந்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமைச் சங்கத்தின் முதல் டாங்கியை ஒட்டிச் சேர்த்தவர் அவர்தான். கூரைமேல் இருக்கிற அந்தத் துப்பாக்கி தீக்குச்சியில் பாதிகூட இல்லாத சமாச்சாரம். கை பட்டு மூன்று முறை உடைந்து விழுந்தது. எரிச்சலில் ஒரு சொட்டுப் பசையை வைத்து அதைப் பீரங்கியின் அடியோடு சேர்த்து ஒட்டிவிட்டார். பிறகு ஒருநாள் டாங்கி மேசையில் இருந்து விழுந்தது. பீரங்கி முறிந்தது. முறிந்ததை எடுத்தபோது துணைத் துப்பாக்கிகள் இரண்டும் கூடவே கையில் வந்தன. அந்த வாரம்தான் நோட்டில் சட்டத்தை எழுதினார். கண்ணால் பார்த்ததை எழுதியதாகப் பன்னிரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். பார்த்தது தன்னுடைய பசையை.

எத்தனை சனிக்கிழமை, எத்தனை டாங்கிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு பேர் இருப்பதாகக் கணக்கு. பீரங்கி போனதும் அவர்கள் உள்ளே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எதிரி வந்து மூடியைத் தட்டுகிற வரைக்கும். ஒருத்தன் மூடியைத் திறந்து தலையை நீட்டியிருக்கலாம். கூடாது என்று இவர் எழுதிவைத்திருந்தார்.

“மாப்பிள்ளை, படம் யார் வேணாலும் கொண்டு வரலாம்,” என்றார் மச்சான், பொறுமையாகத்தான். “புத்தகத்துல என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க. இங்க உங்க வார்த்தைதான் கடைசி.”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது. டாக்டர் சொல்வது சரி, சட்டம் தப்பு, தப்பு என்னுடையது என்று மூன்றே வரியில் விஷயம் முடிந்துவிடும். டாக்டரின் ஆள் தலையை நீட்டுவான். நடந்து வருகிற மூன்று கூட்டமும் பாலத்துக்கு இந்தப் பக்கமே படுத்துவிடும். ஏழாவது வருடமாகக் கோப்பை அந்த அலமாரிக்கே போகும். மச்சான் கோபப்பட மாட்டார். முகம் சின்னதாகிப் போய், ‘பரவாயில்ல மாப்பிள்ளை’ என்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘நான் உங்களை விட்டுப் போகிறேன்’ என்று சொல்லத் தன்னால் முடியாது என்பது நடுவருக்குத் தெரியும். இன்றைக்கு ஒருநாள், இந்த ஒரு தடவை, நோட்டில் இருப்பதையே சொல்லிவிட்டால் என்ன? பொய் இல்லை. எழுதியிருப்பதைத்தானே படிக்கிறோம்? அரை மில்லிமீட்டருக்கு உயிரை விடுகிற மனிதர், இப்படி ஒரு சமாதானத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே அவருக்குத் தன்னைப் பார்த்து அருவருப்பாக இருந்தது.

“புத்தகத்துல இருக்கறதுதான். டாங்கி சுட முடியாது,” என்றார்.

அதற்குப் பிறகு ஆட்டம் ஏழு நிமிடம்கூட நடக்கவில்லை. சிப்பாய்கள் நடந்தார்கள், பாலம் கைமாறியது. மச்சான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி மேசையைச் சுற்றி வந்தார். பல் டாக்டர் தன் டாங்கிகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். நடுவர் பகடைகளைப் பொறுக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் போனார்.

“அந்தப் படம் தப்புன்னு நினைக்கறீங்களா?” என்று டாக்டர் அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“படம் சரிதான் டாக்டர்.”

“அப்ப?”

“எழுதினது எழுதினதுதானே.”

டாக்டர் படத்தைச் சுருட்டினார். “வேற யாராவது சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன். நீங்க சொன்னதால போறேன்,” என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். நடுவருக்கு அதற்குக் கன்னத்தில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் போலிருந்தது.

ஆனாலும் காரியம் முக்கியம். பச்சைத் துணியின் ஒரு முனையை மச்சான் பிடித்திருந்தார், மறுமுனையை நடுவர் பிடித்தார். மடித்துக்கொண்டே கிட்டே வந்தார்கள். மச்சானின் முகத்தில் சிரிப்பு வழிந்துகொண்டிருந்தது. இதைவிட நல்ல நேரம் இந்த ஜென்மத்தில் வாய்க்காது.

“மச்சான், ஒரு விஷயம் சொல்லணும்,” என்று ஆரம்பித்தார்.

“நானும் ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை. யாரும் போகாதீங்க, கேட்டுட்டுப் போங்க,” என்று மச்சான் துணியைக் கீழே போட்டுவிட்டு, நடுவரின் தோளில் கை போட்டுத் திருப்பி, எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். “எனக்கு எதிரா இவர் எத்தனை தடவை தீர்ப்பு சொல்லியிருக்கார், உங்களுக்கே தெரியும். ஆறு வருஷம் தோத்திருக்கேன். பொண்டாட்டியோட அண்ணனாச்சேன்னு ஒரு தடவைகூட வளைஞ்சு குடுத்ததில்ல. இன்னிக்கு எனக்குச் சாதகமா வந்தப்பவும் அதே புத்தகம்தான். இப்படிப்பட்ட மனுஷனைச் சம்பளத்துக்கு வச்சிருக்கறது எனக்கே வெக்கமா இருக்கு. அடுத்த மாசத்துல இருந்து கடையில பாதி அவருது. பலகையில அவர் பேரும் வரும். மேல பின்பக்கம் இன்னொரு ரூம் எடுத்துக் கட்டிடலாம். இருக்கற வரைக்கும் நாம எல்லாம் ஒண்ணாதான் இருக்கணும்.”

பேசி முடித்துவிட்டு மச்சான் மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் நடுவர் தப்பித்திருப்பார். பஸ் டிரைவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கொஞ்சம் பொறுத்துப் பல் டாக்டரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். தோளில் இருந்த கை நல்ல கனமாக இருந்தது. அதை உதறிவிட்டு, நான் இன்று வளைந்துதான் கொடுத்தேன், உங்களை விட்டுப் போவதற்காக வளைந்து கொடுத்தேன் என்று சொல்லலாம். சொன்னால் இந்த அறையில் ஒருவர்கூடத் தன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் இதே அறையில்தான் ஆயுசு முழுக்க.

“நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?” என்று மச்சான் நினைவாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல மச்சான். சந்தோஷம்னுதான் சொல்ல வந்தேன்.”

எல்லோரையும் வழியனுப்பிவிட்டு மச்சான் கோப்பையைக் கடையின் கண்ணாடி அலமாரியில் வைக்கக் கீழே போனார். நடுவர் மேலே போகிற படிக்கட்டில் பாதி ஏறி, திருப்பத்தில் நின்றார். ஆறு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். வர முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். இங்கேயே பங்கு கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அந்த அம்மா, ரொம்ப நல்லது, நீங்கள் நன்றாக இருந்தால் சரி என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார். எட்டு வருடப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அறையில் விளக்குப் போட்டிருந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் செய்தித்தாள்கள். மத்தியானம் அவர் கீழே போனதும் ஆரம்பித்திருக்க வேண்டும். கண்ணாடி டம்ளர்கள், பீங்கான் தட்டுகள், மகள் பள்ளியில் வாங்கிய ஒரு சின்னப் பரிசு, எல்லாவற்றையும் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் பாதி அடுக்கியிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் போன் பண்ணினார்,” என்றாள். “அழுதுக்கிட்டே சொன்னார். நீங்க என்ன சொன்னீங்க?”

“சந்தோஷம்னு சொன்னேன்.”

அவள் ஒரு டம்ளரைத் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். “மணி இன்னும் ஆறு ஆகல,” என்றாள். “அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். தங்கச்சி கோவிச்சுக்கிட்டுப் போறான்னு யார் என்ன வேணாலும் சொல்லட்டும். டாக்டரம்மாகிட்ட வர்றோம்னு சொல்லிடுங்க.”

நடுவர் கதவருகிலேயே நின்றிருந்தார்.

“இப்பதான் வேண்டாம்னு சொல்லிட்டேன்,” என்றார். “படிக்கட்டுல நின்னு.”

அவள் கையில் இருந்த தாள் பாதி பிரிந்தபடி நின்றது. கத்துவாள் என்று நினைத்தார், கத்தவில்லை.

“இத்தனை தூரம் வந்தவர், மேல ஏறி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றாள்.

அவர் நின்று பேசிய இடத்தில் இருந்து அந்த அறைக்குப் பதினோரு படி.